டென்டைத் தூக்கிக்கொண்டு வடக்கே போவதா, தெற்கே போவதா?

கடலோரத்தில் ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கவேண்டும், எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் ஈ.சி.ஆர்., அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை, என்று பதில் வந்துவிடும். திருவான்மியூரில் வீடு இருப்பவருக்கு அது சரி. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று வட சென்னையில் இந்தப் பக்கம் இருப்பவர் சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி பாரிமுனை, மெரினா, அடையாறு என ஊரை நீளவாக்கில் தாண்டி, நீலாங்கரை நெரிசலில் நின்று, அக்கரையைக் கடக்கிற நேரத்துக்குள், அதே வேளையில் வடக்கே கிளம்பிய ஒருவர் ஆந்திராவுக்குப் போகிற ஜி.என்.டி. ரோட்டில் தடா பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பார். ஆக நமக்கு இரண்டு திசையும் திறந்திருக்கிறது. ஆனால் கிலோமீட்டரை வைத்தோ போட்டோவை வைத்தோ முடிவு செய்தால், ராத்திரி பதினோரு மணிக்கு யாராவது வந்து முகத்தில் டார்ச் அடித்து எழுப்புவார்கள்.

நான் முதலில் பார்ப்பது, படுக்கப் போகிற மண் யாருடையது என்பதை. கடற்கரை எல்லாருக்கும் பொது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், மீனவர்கள் இருக்கிற காசிமேட்டில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். வலை உலர்த்த ஓர் இடம், படகு ஏற்ற ஓர் இடம், ஊர்க்கூட்டம் போட ஓர் இடம் என்று கரையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. நாம் போகிற இடத்தில் அந்த ஆள் குப்பத்துப் பஞ்சாயத்தா, வனத்துறையா, சுற்றுலாத் துறையா, வேலி போட்ட தனியாரா என்று தெரிந்துவிட்டால் தண்ணீர், கழிப்பறை, பாதுகாப்பு, காசு எல்லாவற்றுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

அவ்வளவு தூரம் எதற்கு, வாசலிலேயே கடல் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். கடல் இருக்கிறது, மணல் இல்லை. இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்ததிலிருந்து அந்த மணல் தெற்குப் பக்கமே தேங்கி மெரினாவாக அகன்றது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் ஊரைத் தின்ன ஆரம்பித்தது. அதற்காகத்தான் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், கடலுக்குள் நீளுகிற கல் சுவராகத் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். தூண்டில் வளைவுகளுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் மணல் சேர்ந்திருந்தாலும் அது படகுகளுக்கே போதாது. எண்ணூர் கழிமுகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: அனல்மின் நிலையச் சாம்பல் ஒரு பக்கம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் ஒரு பக்கம். சாயங்காலம் காற்று வாங்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம் வடக்கே முதலில் வருவது பழவேற்காடு. வட சென்னைக்காரருக்கு இதைவிடச் சுலபமான இடம் கிடையாது, வண்டிகூட வேண்டாம். தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ், இருபது கிலோமீட்டருக்குள்தான். முதுகுப் பையில் டென்டை மாட்டிக்கொண்டு மின்சார ரயிலில் போய்ச் சேரக்கூடிய ஒரே கடற்கரை இந்தப் பக்கத்தில் இதுதான். ஊரிலிருந்து பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால் கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவில் அகலமான மணல். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுதான். நவம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை பூநாரைகள் வந்து நிற்கும். பகலில் அப்படி ஓர் இடம் சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதே நம்பமுடியாது. டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்ட்ரியா கோட்டை கட்டிக் குடியேறிய ஊர், அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்ப்பதற்கே ஒருமுறை போகலாம்.

ராத்திரி தங்க? நான் வேண்டாம் என்பேன். கடற்கரைக்குப் போகிற வழியெல்லாம் குப்பங்கள், அந்தக் கரை அவர்களுடைய வேலைக்களம். ஏரிக்குள் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்பதற்கே பாடு என்று ஒரு முறை வைத்து, தலைமுறை தலைமுறையாக முறைபோட்டுப் பிரித்துக்கொண்டிருக்கிற ஊர் அது. அந்த அளவுக்கு இடத்துக்கு ஒழுங்கு வைத்திருப்பவர்கள் நடுவில் நாம் கேட்காமல் போய் நாலு கம்பை நட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நண்டு விற்கிற ஓர் அம்மாவிடம் ராத்திரி இங்கே தங்கலாமா என்று கேட்டதற்கு, "ஏம்பா, ஊட்ல எடம் இல்லியா, இங்க வந்து மணல்ல பட்க்கணும்ன்ற?" என்று கேட்டுவிட்டு நண்டை எடை போட ஆரம்பித்துவிட்டார். ஏரியில் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம் வேறு, அதற்குள் தங்குவது வனத்துறை சமாச்சாரம். கழிப்பறை கிடையாது, குளிக்க நல்ல தண்ணீர் கிடையாது. வார இறுதியில் பாட்டிலோடு வருகிற கூட்டத்தால் ஊர்க்காரர்களுக்கு வெளியாட்கள் மேல் ஏற்கெனவே கோபம். ராத்திரியில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பும்போது மேற்கே இருக்கிற ஏரி, சேறு எல்லாவற்றையும் தாண்டி வருவதால் கொசுவையும் கூட்டிக்கொண்டு வரும்.

படகு விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கவேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்த குடும்பத்தை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. முகத்துவாரம் வரைக்கும் கூட்டிப்போய் மணல் திட்டில் இறக்கிவிடுகிறேன், காலையில் வந்து கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். மணல் திட்டு ஒரே இடத்தில் நிலையாக நிற்பதே கிடையாது, முகத்துவாரம் ஒவ்வொரு பருவத்திலும் அடைத்துக்கொள்ளும், திறந்துகொள்ளும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் இங்கிருந்து வானம் நன்றாகத் தெரியும்தான், ஆனால் அன்றைக்கு மீனவர்களையே கடலுக்குப் போகவிடமாட்டார்கள், போலீஸ் நடமாட்டமும் அதிகம். பழவேற்காட்டில் தெரிந்த குடும்பம் இருந்து அவர்கள் வீட்டு முற்றத்தில் டென்ட் போட்டுக்கொள்ளச் சொன்னால் மட்டும் நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டுப் போங்கள், ராத்திரி சோறும் இறால் தொக்கும் கிடைக்கும்.

இன்னும் வடக்கே, ஆந்திரா. சென்னை பைக் கும்பல்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற தூப்பிலிபாளையம்தான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த இடம், அதனாலேயே கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை வரை நெடுஞ்சாலை, பிறகு வாகாடு பக்கமாக உள்ளே திரும்பி வயலும் இறால் குட்டையுமாகப் போகிற சின்ன ரோடு. நடுவில் டீக்கு நின்றால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. போய்ச் சேர்ந்தால் அகலமான, கல் இல்லாத, கடை இல்லாத கடற்கரை. பக்கத்திலேயே மீனவ ஊர், பின்னால் சவுக்குத் தோப்பு. ஈ.சி.ஆரில் நீங்கள் எவ்வளவு காசு கொடுத்தாலும் இந்த வெறுமை கிடைக்காது. கடையே இல்லை என்றால் கடையே இல்லை: குடிதண்ணீர் ஆளுக்கு ஐந்து லிட்டராவது, அரிசி பருப்பு முட்டை, கேஸ் அடுப்பு, டார்ச்சுக்கு பேட்டரி எல்லாம் நாயுடுபேட்டையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். கழிப்பறை என்றால் ஒரு சின்ன மண்வெட்டிதான். பெண்கள், பிள்ளைகள், வயசானவர்கள் சேர்ந்த குழுவுக்கு இது ஒன்றே போதும் வேண்டாம் என்று சொல்ல.

அங்கே இருட்டுவதற்கு முன்னாலேயே போய்விட வேண்டும். போனதும் டென்டைப் பிரிக்காமல் ஊருக்குள் நடந்துபோய், பெரியவர் யாராவது உட்கார்ந்திருந்தால் நின்று பேச வேண்டும். "அன்னா, இக்கட டென்ட் வேஸ்கோவச்சா?" (அண்ணா, இங்கே டென்ட் போட்டுக்கொள்ளலாமா?) என்றால் போதும். நம் பக்கத்தில் வீட்டிலேயே தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் எவ்வளவோ இருக்கின்றன, குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை முன்னால் விடுங்கள். கேட்டவுடன் அவர்களே வலை இழுக்கிற இடம் எது, படகு ஏறுகிற இடம் எது, எங்கே தள்ளிப் போடவேண்டும் என்று காட்டுவார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் படகைத் தள்ளுகிற வழியில் உங்கள் டென்ட் கிடந்தால் அது அவர்களுக்கும் தொல்லை உங்களுக்கும் தொல்லை. கேட்டுப் போட்ட டென்டை யாரும் எழுப்புவதில்லை. அதோடு ராத்திரி ஏதாவது ஒன்று என்றால் ஓடிப்போய்க் கதவைத் தட்ட ஓர் இடமும் இருக்கிறது. யாருமில்லாத கடற்கரையில் பெரிய பாதுகாப்பே இந்த ஒரு அறிமுகம்தான்.

கழிப்பறையும் வேண்டும், ஆந்திரக் கரையும் வேண்டும் என்றால் மைப்பாடு. நெல்லூரிலிருந்து 25 கிலோமீட்டர், ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி இருக்கிறது, மீன் வறுவல் கடைகள் இருக்கின்றன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெல்லூரே அங்கே வந்துவிடும், கார்த்திகை மாசத்தில் புண்ணிய நீராடலுக்கு இன்னும் கூட்டம். நெல்லூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்க் கூட்டத்தில் படுப்பதற்குத் தெற்கேயே போய்விடலாம் என்பது என் எண்ணம். வடக்கே போகிற வழியில் நேலபட்டு பறவைகள் சரணாலயம் இருக்கிறது, குளிர்காலத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். திரும்பும்போது காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பிள்ளைகளுக்கு அதுதான் ஞாபகம் இருக்கும்.

சரி, தெற்கு. கோவளம் கடற்கரைக்கு 2021இல், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குக் கொடுக்கிற சர்வதேச நீலக்கொடிச் சான்று கிடைத்தது, கழிப்பறை, உடை மாற்றும் அறை, உயிர்காப்பாளர் எல்லாம் இருக்கிறது. அவ்வளவு வசதி இருக்கிறதே, அங்கேயே டென்ட் போட்டுவிடலாமே என்று தோன்றும். அந்தச் சான்றுக்கான விதிகளிலேயே அனுமதியில்லாமல் கடற்கரையில் முகாம் போடுவதும் வண்டி ஓட்டுவதும் கூடாது என்று இருக்கிறது. புதுச்சேரியில் அதே வருடம் சான்று வாங்கிய ஈடன் கடற்கரைக்கும் இதே கதைதான். சுத்தமான கடற்கரை என்பது பகலில் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகிற கடற்கரை.

ஆக ஈ.சி.ஆரில் டென்ட் என்றால் தனியார் கேம்ப்தான். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி கடப்பாக்கம் வரைக்கும் தென்னந்தோப்பையோ சவுக்குத் தோப்பையோ வேலி போட்டு நடத்துகிறார்கள். டென்ட், மெத்தை, ராத்திரி பார்பிக்யூ, காலையில் பொங்கல் வடை எல்லாம் சேர்த்து ஆள் கணக்கில் காசு. சொந்த டென்ட் கொண்டுவந்தால் சிலர் குறைப்பார்கள், சிலர் உள்ளேயே விடமாட்டார்கள். இவற்றின் நல்ல விஷயம் மூன்று: கதவு உண்டு, கழிப்பறை உண்டு, பெண்கள் நிம்மதியாகத் தூங்கலாம். கெட்ட விஷயம் ஸ்பீக்கர். பீச் கேம்பிங் என்று சொல்லிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடலிலிருந்து பத்து நிமிடம் நடக்கிற தோப்பில் வரிசையாக இருபது டென்ட் போட்டு, பன்னிரண்டு மணி வரைக்கும் குத்துப்பாட்டு ஓடவிடுகிற இடங்களும் இருக்கின்றன. அப்படி ஓர் இடத்தில் நானும் மாட்டியிருக்கிறேன், அலைச் சத்தத்தைக் கேட்க அரை கிலோமீட்டர் நடந்து போகவேண்டியிருந்தது. சனிக்கிழமையைத் தவிர்த்து ஒரு செவ்வாயோ புதனோ போனால் அதே தோப்பு வேறு இடம் போல இருக்கும், காசும் பேசிக் குறைக்கலாம்.

ஈ.சி.ஆரிலேயே இன்னும் கொஞ்சம் கீழே, ஊரிலிருந்து 90 கிலோமீட்டரில், முதலியார்குப்பம். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை இருக்கிறது, உப்பங்கழியைத் தாண்டி மணல் திட்டுக்குக் கூட்டிப்போவார்கள், லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் ஏற்றுவார்கள். பகலுக்கு மட்டும். ஆனால் இன்னும் சற்றுத் தள்ளிக் கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிபாடு, முகலாயர் காலத்தில் கட்டியது, 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய் 1760இல் ஆங்கிலேயர் இடித்தது. இந்தப் படகுத் துறையும் கோட்டையும் சேர்த்து ஒரு பகலைக் கழித்துவிட்டு, அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு சின்ன கேம்பில் ராத்திரி தங்கினால் மாமல்லபுரம் பக்கத்துக் கேம்புகளைவிட எல்லா வகையிலும் மேல். குடும்பத்தோடு முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பக்கம்தான், ஊரைத் தாண்டுகிற அலுப்பைப் பொறுத்துக்கொண்டு காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள். அந்த நேரத்தில் தண்டையார்பேட்டையிலிருந்து அக்கரை ஒரு மணி நேரம்கூட ஆகாது.

புதுச்சேரி நீளமான வார இறுதிக்குச் சரி, ஒரே ராத்திரிக்கு இவ்வளவு தூரம் வேண்டாம். ஊருக்கு வடக்கே ஆரோவில் பக்கக் கரையும் துறைமுகச் சுவரால் அரிக்கப்பட்டதுதான், நம் ராயபுரம் கதையேதான், ஆகவே பழைய போட்டோக்களைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

இனி கேம்பர் வேன். சமீபமாக டெம்போ டிராவலரில் கட்டில், சமையல் மேடை, குட்டி கழிப்பறை எல்லாம் வைத்து வாடகைக்கு விடுகிறார்கள், சிலர் சொந்த வண்டியின் மேலேயே டென்ட் மாட்டிக்கொள்கிறார்கள். கூரை டென்ட்காரர்களுக்கு மேலே சொன்ன எல்லா இடமும் பொருந்தும், வண்டி மணலில் இறங்காமல் இருந்தால் சரி. பெரிய வேனுக்கு நான் சொல்வது ஒன்று: கடற்கரையை மறந்துவிடுங்கள். மூன்று டன் வண்டி ஈர மணலைப் பார்த்தால் நடு வழியில் உட்காரும் எருமை மாதிரி உட்கார்ந்துவிடும், அப்புறம் டிராக்டர்தான். டயர் காற்றைக் குறைத்து ஓட்டுவது, பலகை போடுவது எல்லாம் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்புக்கு. வெளிநாட்டுப் படங்களில் பார்ப்பதுபோல் மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து, கழிவை இறக்கத் தனிக் குழாயும் வைத்திருக்கிற வேன் நிறுத்துமிடத்தை இந்தக் கரையில் வடக்கேயும் நான் பார்க்கவில்லை, தெற்கேயும் பார்க்கவில்லை. ஆகவே வேன் என்றால் கெட்டித் தரையும் 15 ஆம்பியர் பிளக்கும் உள்ள விடுதி வளாகம்தான், அதற்கு ஈ.சி.ஆரே வசதி. மாமல்லபுரத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி வளாகம் பெரியது. அங்கேயோ தனியார் விடுதிகளிலோ ஓர் அறையை எடுத்துக்கொண்டு வேனை உள்ளே நிறுத்த முன்கூட்டியே கேட்டுவிட்டால் குளியலறைப் பிரச்சினையும் தீர்ந்தது, பேட்டரி தீர்ந்து ஏ.சி. நின்றுபோகிற பிரச்சினையும் தீர்ந்தது. வேனின் கழிப்பறைத் தொட்டியை உப்பங்கழியில் கவிழ்க்கிறவர்களைப் பற்றி இங்கே எழுதக்கூடிய வார்த்தை எதுவும் இல்லை.

வாடகை வேனில் ஆந்திராவுக்கோ புதுச்சேரிக்கோ போவதென்றால் எல்லை தாண்டும் பெர்மிட்டும் வரியும் கட்டியிருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், மஞ்சள் போர்டு வண்டிக்கு அது கட்டாயம். ராத்திரி செக்போஸ்ட்டில் நின்று டிரைவரும் ஓனரும் போனில் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வேனில் வடக்கே போவதை நான் சிபாரிசு செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தப் பக்கம் போனாலும் காலம் ஒன்றுதான்: பொங்கலுக்குப் பிறகு, மார்ச் பாதி வரை. காணும் பொங்கலை மட்டும் விட்டுவிடுங்கள், அன்றைக்கு எந்தக் கரையிலும் கால் வைக்க இடம் இருக்காது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானம் வருகிற கடல்காற்று ராத்திரி படுத்துவிடும், டென்டுக்குள் புழுக்கம் தாங்காது. பருவமழை முடிந்த கையோடு போனால் வாடை இன்னும் வீசிக்கொண்டிருக்கும், அதனால் டென்டின் முதுகை வடகிழக்குக்குக் காட்டிப் போடவேண்டும், வாசலைக் கடலைப் பார்த்து வைத்தால் அழகாக இருக்கும், ராத்திரி பூரா மணல் உள்ளே வரும். டென்டோடு கொடுக்கிற கம்பி முளை மணலில் நிற்காது. நாலு காலி அரிசிப் பையில் மணலை நிரப்பிக் கயிற்றில் கட்டி முழங்கால் ஆழத்தில் புதைத்துவிடுங்கள், புயல் வந்தால்தான் பிடுங்கும்.

நிலா வெளிச்சத்துக்காகப் பௌர்ணமி பார்த்துப் போகிறவர்கள் நிறைய. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்தான் கடல் ஏற்றமும் அதிகம் என்பதை மறந்துவிடுகிறார்கள். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான், ஆனால் சரிவு குறைந்த கடற்கரையில் அந்த ஒரு மீட்டர் பல அடி தூரம் உள்ளே வந்துவிடும். சாயங்காலம் காய்ந்து கிடக்கிற மணல் என்பதை நம்பாதீர்கள், அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் எங்கே வேர் விட்டிருக்கிறதோ அதற்கு மேலே போடுங்கள். வழக்கமான அலை வராத இடத்தில்தான் அவை பிடிக்கும். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருந்தால் அந்தக் கணக்கும் பலிக்காது, தூரத்துப் புயலிலிருந்து வருகிற அலைக்கு இங்கே காற்றே தேவையில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அந்த எச்சரிக்கையை வெளியிடும், கிளம்புகிற அன்றைக்குப் பார்த்துவிடுங்கள். சவுக்குத் தோப்புக்குள் போட்டால் காற்று அடங்கும், நிழலும் உண்டு, ஆனால் கீழே கிடக்கிற சருகு ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும், அங்கே நெருப்பு மூட்டவே கூடாது. அந்தத் தோப்பும் யாருடையதோதான்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரை ஏறுகிற காலமும் இதுதான். 1988லிருந்து சென்னையில் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து அந்த முட்டைகளை எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். 2025 ஜனவரியில் நம் கரைகளில் செத்து ஒதுங்கிய ஆமைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது. வெளிச்சத்தைப் பார்த்தால் ஆமை திரும்பிப் போய்விடும், குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கி நடக்கும். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டுங்கள், கரையில் கேம்ப் ஃபயர் வேண்டாம். தூப்பிலிபாளையம் போன்ற இருட்டுக் கரையில் இதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும், சொல்ல அங்கே ஆள் கிடையாது.

குளிப்பது பற்றி: இந்தக் கரை முழுக்கவே அலை உடைந்து திரும்பும் இழுவை பலமானது, வடக்கு தெற்கு வித்தியாசம் இல்லை. உயிர்காப்பாளர் இல்லாத இடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதை நான் ஒத்துக்கொள்வதில்லை, குடித்துவிட்டு இறங்குகிறவரோடு கேம்ப்புக்கே போவதில்லை.

ஆக நாலைந்து நண்பர்கள், சொந்த டென்ட், சமைக்கத் தெரியும், தெலுங்கும் கொஞ்சம் வரும் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிப்ரவரியில் ஒரு சாதாரண வார நாளில் தூப்பிலிபாளையம். அப்பா அம்மா, பிள்ளைகள், அல்லது பெண்கள் மட்டும் என்றால் கடப்பாக்கம் பக்கம் வேலி போட்ட சின்ன கேம்ப். வேன் என்றால் மாமல்லபுரம் விடுதி வளாகம். வண்டியும் இல்லை, லீவும் இல்லை, ஒரு நாள்தான் என்றால் அதிகாலை லோக்கலில் பழவேற்காடு போய் பூநாரை பார்த்து, மத்தியானம் இறால் சாப்பிட்டு, சாயங்காலம் பொன்னேரியில் ரயில் ஏறி வீட்டில் படுங்கள்.

காசு கட்டுகிற கேம்புக்குப் போன் போடுகிறபோது ரூம் எவ்வளவு, சாப்பாடு என்ன என்பதையெல்லாம் பிறகு கேட்கலாம். கடல் எத்தனை நிமிட நடை, நடுவில் ரோடு தாண்டவேண்டுமா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, ராத்திரி காவலுக்கு ஆள் தங்குவாரா, மழை வந்தால் ஒதுங்கக் கட்டடம் உண்டா, பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும். கடைசிக் கேள்விக்கு "நீங்க சொல்ற வரைக்கும் ஓடும் சார்" என்று பெருமையாகப் பதில் வந்தால் வேறு நம்பரைத் தேடுங்கள்.